சிவப்புப் படகும் நான்கு மில்லிமீட்டரும்

பிப்ரவரி 9

சகலை அவர்களுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நலமா என்று கேட்கச் சொல்லி என் மனைவி, அதாவது உங்கள் மனைவியின் அக்கா, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். கேட்டாயிற்று.

போன வருடம் ஏரிக்கரையில் இனி உங்களோடு பேசமாட்டேன் என்று சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் இந்தக் கடிதத்தால் என் பேச்சு ஒன்றும் மாறிவிடவில்லை.

விஷயம் இதுதான். நாம் இரண்டு பேரும் சேர்ந்து கட்டின, உங்களிடம் இருக்கிற சிவப்பு ரிமோட் படகு எனக்கு வேண்டும். அதில் பாதி என் உழைப்பு என்பதை நீங்களும் மறுக்கமாட்டீர்கள். மோட்டார், ஷாஃப்ட், கப்ளிங் எல்லாவற்றையும் கழற்றி, தனித்தனியாகப் பொட்டலம் கட்டி அனுப்பவும். மாட்டியபடி அனுப்ப வேண்டாம். காரணம் கேட்க வேண்டாம்.

என் கையைப் பற்றியும் விசாரிக்க வேண்டாம். அக்காவும் தங்கையும் தினமும் ஒரு மணி நேரம் போனில் பேசுகிறார்கள். எங்கள் வீட்டுக் குழாய் ஒழுகுவது எனக்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. கை மட்டும் தெரியாமலா இருக்கும்?

இப்படிக்கு,
மூத்த சகலை

(தம்பி, எழுதுவது நான்தான். அவருக்கு இன்னும் பேனா பிடிக்க வரவில்லை. "மறுக்கமாட்டீர்கள்" என்பதற்கு முன்னால் அவர் சொன்ன ஒரு வார்த்தையை நான் எழுதவில்லை. படகை அனுப்பிவிடுங்கள். ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறார், கண்கொண்டு பார்க்க முடியவில்லை. — அக்கா)


பிப்ரவரி 14

அன்புள்ள அண்ணனுக்கு,

காரணம் கேட்க வேண்டாம் என்றீர்கள். கேட்கவில்லை, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நவம்பரில் லிஃப்ட் மோட்டார் அறையில் உங்கள் வலது கை சிக்கி, இரண்டு விரல்களை ஆபரேஷன் செய்து ஒட்டவைத்தார்கள். ஏப்ரல் 28ஆம் தேதி உங்கள் கம்பெனியின் பெரிய என்ஜினியர் உங்களை ஒரு மோட்டார் அறைக்குக் கூட்டிப்போவார். மோட்டாரையும் கியர் பெட்டியையும் பிரித்துக் கொடுத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஒரே நேர்க்கோட்டில் நிறுத்தி, இரண்டையும் இணைக்கிற கப்ளிங்கைப் போடச் சொல்வார். போட்டால் இருபத்தாறு வருடமாகப் பார்க்கிற லிஃப்ட் மெக்கானிக் வேலை உங்களுடையது. போடாவிட்டால் ஆபீஸ் வாசலில் புகார் போன் எடுக்கிற நாற்காலி. அதற்காகப் படகில் கையைப் பழக்கப் பார்க்கிறீர்கள். கட்டைவிரல் அளவில் வந்துவிட்டால் பெரிதிலும் வரும் என்பது உங்கள் கணக்கு. நல்ல கணக்குதான்.

ஆனால் சிவப்புப் படகைத் தரமாட்டேன். போன வருடப் படகுப் போட்டியில் அது நடு ஏரியில் புகைந்து நின்றபோது, மைக் வைத்திருந்த கிளப் செயலாளர் வரைக்கும் காதில் விழுகிற மாதிரி ஒன்று சொன்னீர்கள். "பல்லு செய்யறவன் கையில ஷாஃப்டைக் குடுத்தா இப்படித்தான் ஆகும்." உண்மை. நான் பல் செட் செய்கிறவன்தான். ஷாஃப்டை மாட்டியதும் நான்தான். எங்கே தப்பு நடந்தது என்று ஒரு வருடமாக மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்கிறேன், பிடிபடவில்லை. அது தெரியாமல் அந்தப் படகை யார் கையிலும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பதிலாக என் இழுவைப் படகை அனுப்புகிறேன். ஆமை வேகம்தான். ஆனால் இதன் ஷாஃப்ட் நேரான உருக்குக் கம்பி. மோட்டார் ஒரு மயிரிழை கோணலாக உட்கார்ந்தாலும் ஊரைக் கூட்டும். உங்களுக்கு இதுதான் சரி.

ஒரு நிபந்தனை. ஒவ்வொரு தடவையும் மாட்டி முடித்ததும் அப்படியே எனக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். நேர்க்கோடு எவ்வளவு பிசகியிருக்கிறது என்று டயல் கேஜ் வைத்து அளந்து உள்ளதை உள்ளபடி எழுதுவேன். உங்கள் மனம் நோகுமே என்று ஒரு புள்ளியைக்கூடக் குறைக்கமாட்டேன். ஆறுதல் சொல்ல அங்கேயே ஆள் இருக்கிறது. என்னிடம் கேட்டது அதற்காக இருக்காது.

நீங்கள் எங்கள் வீட்டுக்கு முதல்முதலாக வந்தபோது, லிஃப்டில் ஏறியதும் "மேல ரெண்டாவது போல்ட் லூசு" என்றீர்கள். வாட்ச்மேன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மறுநாள் மெக்கானிக் மேலே போய்ப் பார்த்தால் இரண்டாவது போல்ட்தான். சண்டை சண்டைதான். ஆனாலும் அந்த ஆள் போய் போன் எடுக்கிற நாற்காலியில் உட்காருவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இப்படிக்கு,
இளைய சகலை


பிப்ரவரி 27

சகலை அவர்களுக்கு,

படகு வந்தது. உங்கள் பொட்டலம் கட்டும் திறமையைப் பாராட்ட வேண்டும். ஒரு ஸ்க்ரூவுக்கு மூன்று உறை. பிரிப்பதற்குள் எனக்கு விரல் வலி வந்துவிட்டது.

மாட்டிவிட்டேன். பதினொரு நாள் ஆயிற்று. கப்ளிங்கில் இருக்கிற அந்தக் குட்டி ஸ்க்ரூவை எவன் கண்டுபிடித்தானோ, அவன் கையில் கிடைத்தால் தெரியும் சேதி. வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் நுனியில் மரத்துப்போய்க் கிடக்கின்றன. ஸ்க்ரூவைப் பிடித்திருக்கிறேனா, காற்றைப் பிடித்திருக்கிறேனா என்று குனிந்து பார்த்தால்தான் தெரிகிறது. நடுவிரல் மடங்கவே மடங்காது. விறைத்துக்கொண்டு நிற்கிறது, மாமனார் கல்யாண போட்டோவில் நிற்கிற மாதிரி.

(தம்பி, அந்த ஸ்க்ரூ இருபது தடவையாவது விழுந்திருக்கும். காந்தத்தை நூலில் கட்டிக்கொண்டு பீரோவுக்கு அடியில் படுத்துக் கிடந்தது நான். — அக்கா)

குறுக்கே பேசாதே, எழுது.

மோட்டாரை ஓட்டிப் பார்த்தேன். கத்துகிறது. எங்கே கத்துகிறது என்பதும் தெரிகிறது. காது ஒழுங்காகச் சொல்கிறது, கைதான் கேட்கமாட்டேன் என்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல். ஒன்றும் தெரியாமல் இருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

அளந்து எழுதவும்.

மூத்த சகலை


மார்ச் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

அளந்தேன். பக்கவாட்டில் நூறில் முப்பத்தெட்டு. உயரத்தில் நூறில் இருபத்திரண்டு. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைத்தான் சொல்கிறேன். பல் செட்டில் இவ்வளவு கோணல் இருந்தால் ஆள் சோற்றை விட்டுவிட்டுக் கன்னத்தை மென்றுகொண்டிருப்பார். மோசம். இதை மாற்றிச் சொல்ல வழியில்லை.

ஆனால் ஒரு விஷயம். மோட்டாரைத் தூக்கி நிறுத்த அடியில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கழற்றிப் பார்த்தேன். மாத்திரை அட்டையின் பின்பக்கத் தகடு! நீங்கள் தின்ற மாத்திரைகளின் அட்டை. அதைச் சீராக வெட்டி, ஓரத்தைத் தேய்த்து, ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் நான்கு என்று அடுக்கியிருக்கிறீர்கள். மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தேன். கடையில் வாங்குகிற ஷிம் தகடுகூட இவ்வளவு ஒரே சீராக இருக்காது. இருபது வருடமாக நானும் தகடு தேடுகிறேன், வீட்டில் மாத்திரை தின்கிறார்கள், இது எனக்குத் தோன்றவில்லையே! எங்கள் லேபில் எல்லாருக்கும் காட்டினேன்.

நீங்கள் பெரிய மோட்டாரில் இரண்டு கப்ளிங் முகத்தின் மேலும் ஸ்கேலை வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பீர்கள். இங்கே ஸ்கேல் வைக்க இடமில்லை. அதனால் நான் செய்கிற வழியைச் சொல்கிறேன். இத்துடன் ஒரு பித்தளை உறை வைத்திருக்கிறேன். மோட்டார் ஷாஃப்டும் படகின் ஷாஃப்டும் அதற்குள் இரண்டு பக்கமும் இறுக்கமாக நுழையும். முதலில் கப்ளிங்கை மறந்துவிடுங்கள். இந்த உறையைப் போட்டு இரண்டையும் ஒரே கம்பி ஆக்குங்கள். உறை தடங்கல் இல்லாமல் முன்னும் பின்னும் வழுக்குகிற வரைக்கும் மோட்டாரை நகர்த்துங்கள். அந்த இடத்தில் மோட்டாரை இறுக்கிவிட்டு உறையை எடுத்து, கப்ளிங்கைப் போடுங்கள். உறை பொய் சொல்லாது.

அவசரப்படாதீர்கள். இன்னும் ஐம்பத்து மூன்று நாள் இருக்கிறது.

இளைய சகலை


மார்ச் 19

சகலை,

உன் பித்தளை உறையை நான்கு நாள் தொடவில்லை. முப்பத்தெட்டு, இருபத்திரண்டு என்று நீ எழுதியதைப் படித்ததும் படகைத் தூக்கி ஜன்னல் வழியாக எறியலாம் போல இருந்தது. உன் அக்கா ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

ஐந்தாவது நாள் சும்மா எடுத்துப் பார்த்தேன். அடேயப்பா! உறைக்குள் கம்பியை விட்டால் காற்று 'புஸ்' என்று வெளியே வருகிறது. இதைக் கையால் தேய்த்தாயா? மிஷினில் வருகிற வேலை இல்லையே இது. படகின் குழாயையும் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்பக்கம் முகம் பார்க்கலாம். யார் கண்ணிலும் படாத இடத்தை இப்படி மெருகு போட்டு வைத்திருக்கிற ஆளை இத்தனை வருடமாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான் அவனை வெறும் பசை தடவுகிறவன் என்றுதான் நினைத்திருக்கிறேன்.

இன்னொன்று கண்டுபிடித்தேன். மடங்காத நடுவிரலோடு இரண்டு மாதமாகச் சண்டை போட்டேன் அல்லவா? இப்போது அதை மோட்டாரின் பக்கவாட்டில் முட்டுக்கொடுத்து வைத்துக்கொள்கிறேன். மடங்காது, நடுங்காது, அசையாது. மோட்டார் அதில் சாய்ந்துகொண்டு நிற்கிறது. இடது கையால் மெதுவாகத் தட்டினால் ஒரு தகடு அளவுக்குத்தான் நகர்கிறது. டாக்டர் இதை ஊனம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

குளியலறைத் தொட்டியில் ஓட்டினேன். கத்தல் இல்லை. உன் அக்கா அடுப்படியிலிருந்து "என்ன, நின்னுபோச்சா?" என்றாள். ஓடிக்கொண்டிருக்கிறது என்றேன். நம்பாமல் வந்து எட்டிப் பார்த்தாள்.

(உண்மைதான் தம்பி. சத்தமே இல்லை. இன்னொன்றும் உண்மை: "நீங்கள்" என்று ஆரம்பித்தவர் "நீ"க்கு வந்துவிட்டார். நான் திருத்தவில்லை. — அக்கா)

அளந்து எழுது. அளவு நன்றாக இருந்தால் சிவப்புப் படகைக் கொடு.

மூத்த சகலை


மார்ச் 26

அன்புள்ள அண்ணனுக்கு,

பக்கவாட்டில் நூறில் மூன்று. உயரத்திலும் மூன்று. கேஜ் கெட்டுவிட்டதோ என்று வேறு கேஜ் வாங்கி வந்து மறுபடி வைத்தேன். மூன்றுதான்.

சிவப்புப் படகு வருகிறது. புது மோட்டார் வாங்கி வைத்திருக்கிறேன். பழையது கருகிப்போனது உங்களுக்குத் தெரியும். இதில் இருப்பது மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்த, வளைகிற முறுக்குக் கம்பி ஷாஃப்ட். மோட்டாரிலிருந்து குழாய்க்குள் வளைந்து இறங்கி, வால்பக்கத் தாங்கி வழியாக வெளியே வந்து புரொப்பெல்லரைச் சுற்றும். மோட்டாருக்கும் குழாய் வாய்க்கும் நேர்க்கோடு பிசகக்கூடாது. எல்லாவற்றையும் பிரித்து வைத்திருக்கிறேன். ஒன்றும் சொல்லித் தரப்போவதில்லை. நீங்களே ஆரம்பம் முதல் கடைசி வரை மாட்டி அனுப்புங்கள்.

உங்கள் மச்சினி கேட்கச் சொல்கிறாள்: அந்த மாத்திரை அட்டைகள் மிச்சம் இருக்கின்றனவா? அவளுக்கு வேண்டுமாம். கேட்கச் சொன்னது அவள்தான்.

இளைய சகலை


ஏப்ரல் 8

சகலை,

அட்டை இருபது அனுப்பியிருக்கிறேன். மச்சினிக்கு என் அன்பைச் சொல். அவள் ஷிம் போட்டுப் படகு கட்டுகிறாள் என்பது எனக்குத் தெரியாது.

சிவப்பை முடித்துவிட்டேன். மூன்று நாள். ஸ்க்ரூ இரண்டே தடவைதான் விழுந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார், ஒரு கடுகளவு ஆட்டம் எங்கேயும் கிடையாது. வால்பக்கத் தாங்கிக்கும், புரொப்பெல்லருக்கு முன்னால் ஷாஃப்டில் ஒட்டுகிற வளையத்துக்கும் நடுவே காற்றுகூட நுழையாது. லிஃப்டில் நாங்கள் அப்படித்தான். ஆட்டம் என்று ஒன்றை விட்டுவைத்தால் அது ஒருநாள் ஆளை விழுங்கும்.

இருபது நாள்தான் இருக்கிறது. கொஞ்சம் பயமாக இருக்கிறது. இதை எழுதாதே என்றேன், உன் அக்கா எழுதிவிட்டாள்.

மூத்த சகலை


ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

நூறில் இரண்டு. உங்கள் கை சரியாகிவிட்டது. இனி நான் அளக்க ஒன்றுமில்லை.

படகைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கு எடுத்துப்போய் முழு வேகத்தில் ஒரு சுற்று விடுங்கள். அதன் பிறகு படகைத் தொடாதீர்கள். நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்குங்கள்.

இளைய சகலை


ஏப்ரல் 20

சகலை,

இதை உன் அக்கா எழுதவில்லை. நானே எழுதுகிறேன். நண்டு ஊர்ந்த மாதிரி இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. அவளிடம் சொல்லி எழுதவைக்கக் கூசுகிறது.

பொட்டலத்தைப் பிரித்ததும் பார்த்துவிட்டேன். நான் ஒட்டிவைத்த வளையத்தை நீ பின்னால் தள்ளி வைத்திருக்கிறாய். தாங்கிக்கும் அதற்கும் நடுவே நான்கு மில்லிமீட்டர் இடைவெளி. முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை மெருகு போடுகிறவன் இப்படி ஒரு ஓட்டையை விடுவானா என்று. பிறகு, விடமாட்டானே என்று தோன்றியது. விடமாட்டாய். அப்படியென்றால் எதற்கு?

புரொப்பெல்லரைத் துணியால் பிடித்துக்கொண்டு மோட்டார் பக்கத்தைக் கையால் திருகினேன். முறுக்குக் கம்பி இறுகியது. இறுக இறுகக் குட்டையாயிற்று. வளையம் தானாக முன்னால் ஊர்ந்து வந்தது. நான்கு மூன்றாயிற்று, மூன்று இரண்டாயிற்று. கையால் திருகினாலே இப்படி. முழு வேகத்தில் மோட்டார் திருகினால்? இடைவெளி இல்லாவிட்டால் வளையம் தாங்கியில் போய் முட்டும், தேயும், சூடேறும், மோட்டார் மூச்சுத்திணறிக் கருகும்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

போன வருடம் போட்டிக்கு அன்று காலை, நீ பேட்டரி வாங்கப் போயிருந்தாய். நான் படகைத் திருப்பிப் பார்த்தேன். அதே நான்கு மில்லி இடைவெளி. நீ மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். கிளப்பில் யாராவது பார்த்தால் உன்னைக் கேலி செய்வார்கள், உன் மானம் போகும் என்று, யாருக்கும் தெரியாமல் வளையத்தைத் தள்ளி ஒட்டி இறுக்கிவிட்டேன். உன்னிடமும் சொல்லவில்லை. உனக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. அரை மணி நேரம் கழித்துப் படகு புகைந்தபோது, உன் ஷாஃப்டைத்தான் திட்டினேன். நான் தொட்டது என் ஞாபகத்துக்கே வரவில்லை. சரியான ஒன்றைச் செய்துவிட்டோம் என்று நினைத்தால் யாருக்கு அது ஞாபகம் வரும்?

நேற்று ஏரிக்குப் போனேன். படகு அம்பு மாதிரி போயிற்று.  அன்றைக்கு இருந்தவர்களில் ஆறு பேர் இருந்தார்கள். எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன். "போன வருஷம் படகைக் கெடுத்தது நான். ஷாஃப்ட்ல ஒரு குறையும் இல்ல." செயலாளர் சிரித்துக்கொண்டே, "அதுக்கு என்னண்ணே, ஒரு வருஷம் ஆயிடுச்சே, விடுங்க" என்றார். "உங்களுக்கு ஆயிடுச்சு. அவருக்கு ஆகல" என்றேன்.

மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

இப்போது ஒன்று கேட்கிறேன். நீ பத்தாம் தேதியே பொட்டலத்தைப் பிரித்திருப்பாய். பிரித்ததும் உனக்குப் புரிந்திருக்கும். ஆனாலும் ஒரு வார்த்தை எழுதவில்லை. பரீட்சைக்கு முன்னால் என் மனம் உடையக்கூடாது என்று மறைத்துவிட்டாய். உள்ளதை உள்ளபடி எழுதுவேன் என்றவன் நீ. இதை மறைத்தவன் வேறு எதை மறைத்தாய்? நூறில் இரண்டு என்றாயே, அதுவும் இரக்கப்பட்டுப் போட்ட அளவுதானா? என் கை சரியாகிவிட்டது என்றாயே, சரியாகிவிட்டதா? இன்னும் எட்டு நாள் இருக்கிறது. அங்கே போய் அந்த ஆள் முன்னால் நின்று அசிங்கப்படுவதைவிட இப்போதே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். உண்மையைச் சொல்.

அண்ணன்


ஏப்ரல் 23

அண்ணே,

பத்தாம் தேதிதான் பிரித்தேன். வளையம் ஒட்டிக்கொண்டு இருந்ததைப் பார்த்ததும், போன வருடமும் அதைத் தள்ளியது நீங்கள்தான் என்று புரிந்துவிட்டது. அன்றைக்குச் சூட்டில் பசை உருகி வளையம் நழுவியிருந்தது, அதனால்தான் எனக்குத் தெரியாமல் போயிற்று. ஒரு வருடம் அண்ணே! ஒரு வருடமாக ஒவ்வொரு பல் செட்டையும் மூன்று தடவை அளந்துகொண்டிருக்கிறேன். என் கையை நானே நம்பவில்லை. "உனக்கு என்னய்யா ஆச்சு, ஒரு செட்டுக்கு ரெண்டு நாளா?" என்று லேபில் முதலாளி கேட்கிற அளவுக்குப் போயிற்று. அந்த ஆத்திரத்தில் உங்களுக்கு நான்கு பக்கம் எழுதினேன். அதில் இருந்த வார்த்தைகளை அக்கா படித்திருந்தால் என் வீட்டு வாசல்படி மிதித்திருக்கமாட்டார்.

உங்கள் மச்சினி அதை வாங்கிப் படித்தாள். "எல்லாம் நியாயம்தான். இருபத்தெட்டாம் தேதி முடிஞ்சதும் போடுங்க. இப்ப போட்டா அந்த மனுஷனுக்குக் கை நடுங்கும்" என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். சாவி அவளிடம் இருக்கிறது. இனி அந்தக் கடிதம் வேண்டாம். ஆறு பேர் முன்னால் நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன். எனக்கு அது போதும். நேற்று ஒரு செட்டை ஒரே தடவை அளந்து அனுப்பினேன்.

இப்போது உங்கள் கை. நூறில் இரண்டு என்பது இரண்டுதான். அதைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஆனால் நீங்கள் கேட்டது சரி. நான் வேறு இரண்டு விஷயத்தை எழுதாமல் விட்டேன்.

ஒன்று, போன வருடம் இதே படகில் நான் வைத்த அளவு என் நோட்டில் இருக்கிறது. நூறில் ஐந்து. இரண்டு நல்ல கையோடு, வாரக்கணக்கில் உட்கார்ந்து நான் கொண்டுவந்தது ஐந்து. நீங்கள் மூன்றே நாளில் மரத்துப்போன விரலை வைத்துக்கொண்டு இரண்டு. இதை எழுதவேண்டும் என்று பேனாவை எடுத்தேன், வரவில்லை. பொறாமைதான், வேறென்ன. என் வாழ்க்கையில் இவ்வளவு நேராக ஒருவர் மாட்டி நான் பார்த்ததில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

இரண்டாவதை எழுதாமல் விட்டது தப்பு. மோட்டாரைப் பிடிக்கிற நான்கு போல்ட்டில் வலதுபக்கம் இரண்டும் இறுக்கம் போதவில்லை. என் சின்ன ஸ்பானரைப் போட்டதும் இன்னும் கால் சுற்று போயிற்று. நுணுக்கம் திரும்பிவிட்டது, நிதானம் திரும்பிவிட்டது, பிடி இன்னும் முழுசாக வரவில்லை. சொன்னால் சோர்ந்துபோவீர்கள் என்று நினைத்தேன். சொல்லாவிட்டால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள் என்பதை நினைக்கவில்லை. பெரிய மோட்டாரில் அளவு வந்தபிறகு இறுக்கும்போதுதான் அது நகரும், உங்களுக்குத் தெரியாததா? நீளக் கைப்பிடி ஸ்பானர் கொண்டுபோங்கள். வலது கையால் இறுக்காதீர்கள். இடது கையைப் போட்டு உடம்பைச் சாய்த்து இறுக்குங்கள். இறுக்கியதும் மறுபடியும் கேஜை வையுங்கள். சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள்.

நாற்காலியில் போய் உட்காருகிற பேச்சை இன்னொரு தடவை எடுத்தால் பீரோ சாவியை வாங்கி அந்த நான்கு பக்கத்தையும் அனுப்பிவிடுவேன்.

தம்பி


ஏப்ரல் 28

சகலை,

எழுதுவது உன் அக்கா. கை சோர்ந்துபோய்விட்டது, தோள் வரைக்கும் வலிக்கிறது. அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், போன வருடத்தையும்.

(நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டார் தம்பி. — அக்கா)

பத்து மணிக்கு ஆரம்பித்தோம். பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தின் உச்சியில், தகரக் கதவு போட்ட அறை. பெரிய என்ஜினியர் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி முழங்காலின் மேல் வைத்துக்கொண்டார். என்னோடு வேலை பார்த்த இரண்டு பேர் வாசலில் நின்றார்கள். மோட்டாரைத் தூக்கிவைக்க மட்டும் அவர்கள் கை கொடுக்கலாம். மற்றதெல்லாம் நான்.

நடுவிரலை முட்டுக்கொடுத்தேன். "என்ன செய்றீங்க?" என்றார் என்ஜினியர். "இது நகராதுங்க" என்றேன். ஒரு மணி இருபது நிமிடத்தில் நூறில் நான்கு வந்தது. கம்பெனி கேட்பது பத்துக்குள். நிமிர்ந்தேன். முடிந்தது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்போது உன் இரண்டாவது விஷயம் ஞாபகத்துக்கு வந்தது.

நீள ஸ்பானரைப் போட்டு, இடது கையால், தோளைச் சாய்த்து இறுக்கினேன். வலதுபக்கம் இரண்டும் அரைச் சுற்று போயின. அரைச் சுற்று, சகலை! மறுபடி கேஜ் வைத்தேன். நூறில் பதினாறு.  எல்லாவற்றையும் தளர்த்தி முதலிலிருந்து ஆரம்பித்தேன். வாசலில் நின்றவன் ஒருவன் "அண்ணே, டைம்" என்றான். என்ஜினியர் அவனைப் பார்த்த பார்வையில் அவன் வெளியே போய்விட்டான். இந்தத் தடவை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். ஒவ்வொரு இறுக்குக்கும் கேஜ். கடைசியாக நான்கு போல்ட்டும் இறுகியபின் வைத்தால் நூறில் ஐந்து. உன் அளவு. நீ எழுதியது ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன், அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கப்ளிங்கையும் போட்டு முடித்தபோது ஆறு நிமிடம் மிச்சம் இருந்தது. அவரே வந்து ஒவ்வொரு போல்ட்டிலும் தன் ஸ்பானரைப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. "லிஃப்ட் கிணத்துக்குள்ள தொங்குற வேலை இனி வேணாம். மோட்டார் ரூம் எல்லாம் நீங்க பாருங்க. திங்கக்கிழமை வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு, கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனார். கூட வந்தவர்களும் லிஃப்டை ஓட்டிப் பார்க்கக் கீழே போனார்கள்.

நான் மட்டும் மேலே நின்றேன். யாரோ கீழே பட்டனை அழுத்தினார்கள். மோட்டார் எடுத்தது. எப்போதும் செய்கிற மாதிரி வலது கையை அதன் மேல் வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஒரு அதிர்வு, ஒரு நடுக்கம், ஒன்றும் இல்லை.  மோட்டார் அதிரவில்லையா, இல்லை என் விரலுக்குத்தான் தெரியவில்லையா? இதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

நன்றாக இருக்கிற இடது கையை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதிலும் ஒன்றும் தெரியவில்லை.

லிஃப்ட் பெட்டி பன்னிரண்டு மாடியும் இறங்கி, திரும்பி ஏறி வருகிற வரைக்கும் நான் இரண்டு கையையும் எடுக்கவே இல்லை.

அண்ணன்